உள்ளங்கையில் ஒரு சிட்டிகை

ஆகஸ்ட் 5, திங்கள்

புது ஆய்வு இன்று தொடங்கிவிட்டது. வார்டு உடுப்பு வேண்டாம், சேலையே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கி வந்து ஆறிய பிறகும் போகாத வலிக்கான மருந்து. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெத்து கேப்சூல். பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்று. யாருக்கு எது என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, டாக்டர் பரணிதரனுக்கும் தெரியாது. சென்னையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியுமாம்.

"எல்லார்ட்டயும் ஒரே மாதிரி பேசுங்க, ஹெப்சிபா. நம்பிக்கைய ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்" என்றார் டாக்டர். இருபது வருஷம் வார்டில் கத்தியே பழகிய வாய் இது. பார்க்கலாம்.

முதல் ஆளாக வந்தவர் உலகம்மை. ஐம்பத்துநாலு வயது, டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி பிரிவில் வேலை. பங்குனியில் இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரைக்கும் அக்கி. "பான வனையுற வேளார் மூணு தடவ அக்கிக்குக் காவியால எழுதிவிட்டாரு சிஸ்டர். கொப்புளம் பூராவும் அமுங்கிட்டு. வலிதான் போவ மாட்டேங்கு" என்றார். துணி பட்டாலே எரிகிறதாம். தொளதொள நைட்டி, மேலே ஒரு சால்வை, அந்தச் சால்வையையும் உடம்பில் படாமல் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். கடைக்குப் போய் நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. தீபாவளிக்குள் வந்தால் இடம் இருக்கும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

"ரவிக்கத் துணி விக்கவ ரவிக்க போடாம எப்படி சிஸ்டர் கடையில நிக்க?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. ஆய்வைப் பற்றி எல்லாம் விளக்கிச் சொன்னேன். வெத்து கேப்சூலும் வரலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். கையெழுத்துப் போட்டார். டப்பாவை மேசையில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. வலது கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"கையில குடுங்க சிஸ்டர். மருந்தக் கையால வாங்கணும். உங்களப் பாத்தா கைராசிக்காரின்னு தோணுது."

எடுத்துக் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டேன். வாய் சும்மா இருக்குமா? "கேக்கும்மா, நல்லாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

போகும்போது வாசலில் நின்று, "இந்தக் கூடு சைவம்தானா?" என்று கேட்டார். பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். "மருந்துல என்னம்மா சைவம் அசைவம், கண்ண மூடிட்டு முழுங்குங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் செல்வினுக்குப் பாடல் குழுவில் தனிப்பாட்டு. நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மைக்கைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். மைக் பாவம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

உலகம்மைக்குக் கொஞ்சம் தேவலையாம். பத்துக்கு எட்டாக இருந்த வலி இப்போது ஆறு என்கிறார். நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கினாராம். டப்பாவை இந்தத் தடவையும் கையில்தான் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 2, திங்கள்

உலகம்மை சேலை கட்டிக்கொண்டு வந்தார்! ரவிக்கையும் போட்டிருந்தார், தொளதொளவென்று, யாரோ பெரிய ஆளிடம் கடன் வாங்கியதுபோல. வாசலிலேயே நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. வலி மூன்று.

"எல்லாம் உங்க கைதான் சிஸ்டர்."

மற்றவர்களுக்கும் இவர் சொல்லி வைத்திருக்கிறார் போல. இப்போது ஆய்வுக்கு வருகிற எல்லாருமே கையை நீட்டுகிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "என்ன இது, பிரசாதமா?" என்று கேட்டார். சிரித்துத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து செல்வினிடம் என் கையை விரித்துக் காட்டி, "கைராசி உள்ள கை, பாத்துக்கிடும்" என்றேன். "அப்ப அந்த ராசியான கையால ஒரு காப்பி" என்றார். பெருமை எனக்குக் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினோம். இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி ஆய்வு நடத்துகிறவளுக்கே வலி.

செப்டம்பர் 16, திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உலகம்மை இன்று நேராகக் கடையிலிருந்து வந்தார். ஆமாம், வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். அளவான ரவிக்கை, தலையில் பிச்சிப்பூ. வலி ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. வழக்கம்போல் மாத்திரை ஒழுங்காக விழுங்குகிறீர்களா என்று கேட்டேன்.

"விழுங்கல்ல சிஸ்டர், நக்கிட்டிருக்கேன்" என்றார் சாதாரணமாக. கேப்சூலின் கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்வது என்று முன்பே கடையில் யாரோ சொல்லியிருந்தார்களாம். சைவ வீடு. அதனால் முதல் நாளிலிருந்தே கூட்டைப் பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பொடியை மட்டும் உள்ளங்கையில் கொட்டிச் சாப்பிடுகிறார். "உங்ககிட்ட கேட்டேன், நீங்க அவசரத்துல இருந்திய. ஆனா நல்ல மருந்து சிஸ்டர். லேசா இனிப்பு. சின்னப் பிள்ளைகூட சாப்பிடும்."

இனிப்பு.

இந்த மருந்து இனிக்காது. எனக்குத் தெரியும். போன வருஷம் கழுத்து நரம்பு வலிக்கு இதே மருந்தைத்தான் நானும் சாப்பிட்டேன். ஒரு நாள் கேப்சூல் வாயிலேயே பிளந்து, சாயங்காலம் வரைக்கும் நாக்கில் வேப்பங்காய்க் கசப்பு.

அந்த இடத்திலேயே எழுந்து டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "எப்படிப் பிரிக்கிய, காட்டுங்க" என்றேன். அவர் சந்தோஷமாக ஒன்றைப் பிரித்து என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டினார். நாக்கை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

பால்பவுடர் மாதிரி மெல்லிய இனிப்பு. வேறு ஒன்றும் இல்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்குல்லா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, "ம்" என்றேன். புது டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கையை நீட்டினாரா இல்லையா, நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் உலகம்மையை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். டப்பா நின்றுபோகும். நாலு மாதம் நைட்டியோடு கிடந்தவர் இப்போதுதான் பூ வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். அவருக்காகத்தான் நான் சொல்லாமல் இருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று செல்வினிடம் சொன்னேன். அவர் போன பிறகு ஒரு வாரத்துக்கு மாவு அரைத்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

உலகம்மைக்கு வலி நான்கு. வெயில் அதிகம், பண்டிகைக் கூட்டம் வேறு. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அதுதான் காரணமாக இருக்கும்.

"ரொம்ப இழுத்துப் போட்டுச் செய்யாதீங்க. எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். மருந்து என்று எதுவுமே உள்ளே போகாத உடம்பு. திடீரென்று ஒருநாள் விழுந்துவிட்டால்?

"என்ன சிஸ்டர், இத்தன நாளு இப்படிச் சொல்ல மாட்டியளே" என்றார்.

"பொதுவாச் சொன்னேன்மா."

டப்பாவை அவரே மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். அவரோடு அதிகம் பேச்சுக் கொடுத்தால் எங்காவது உளறிவிடுவேன். அதற்குப் பயந்துதான்.

அக்டோபர் 3, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் நாளைக்குத்தான் வரும். ஓட்டல் இட்லி. செல்வின் கேட்டார்: "உனக்கு என்னமும் செய்யுதா? ஒரு மாதிரியா இருக்க." "உங்க பாட்டக் கேட்டுக் கேட்டுத்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

நைட்டி. சால்வை. சால்வையை உடம்பில் படாமல் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வலி எட்டு. இளைத்துப் போயிருக்கிறார். கண்ணுக்குக் கீழே கருப்பு. போன செவ்வாயிலிருந்து கடைக்குப் போகவில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. எங்கே போனது அந்த ஒன்றும் பூஜ்யமும்?

பழையபடி செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். சிரித்தேன். டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன், விரல்களை மூடினேன். "கேக்கும்மா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னை மட்டும் பார்த்தார். நான்தான் முதலில் கையை எடுத்தேன்.

போகும்போது சைவமா அசைவமா என்று எதுவும் கேட்கவில்லை. "வாரேன் சிஸ்டர்" என்றுகூடச் சொல்லவில்லை. "போறேன்" என்றார். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு டாக்டர் பரணிதரன் இன்று ஆய்வைப் பற்றிப் பாடம் எடுத்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து இருப்புச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கேட்டாள்: நோயாளிக்குத் தெரியாமல் இருக்கிறது சரி, கொடுக்கிற நமக்கு ஏன் தெரியக்கூடாது?

டாக்டர் சொன்னார்: "ஏன்னா நம்மால மறைக்க முடியாது. வாயால ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா மூஞ்சி சொல்லிரும். கை சொல்லிரும். வலி உள்ளவங்க நம்ம மூஞ்சியத்தான் முதல்ல படிப்பாங்க. வெத்து மருந்துன்னு தெரிஞ்சுட்டா நாம அவங்களப் பாக்குற பார்வையே மாறிப்போயிரும். வலி பொய்யின்னு நினைக்காதீங்க, குறைஞ்சதும் பொய்யில்ல. மாவு ஒண்ணும் செய்யாது. அத எப்படிக் குடுக்கோம்கிறதுதான் செய்யுது. நிறுத்துறதும் அதுதான்."

இருப்புக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயில் இல்லை. பண்டிகைக் கூட்டம் இல்லை. நான். நான்தான். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிய நிமிஷத்திலிருந்து அந்த அம்மாவின் வலியை நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவருக்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று இங்கே எழுதிவைத்ததைப் படித்துப் பார்த்தேன். பொய். கைராசிக்காரி என்ற பெயர் போய்விடக்கூடாது என்பதற்காகவும்தான் சொல்லவில்லை. அந்தக் கையில் ஒன்றுமில்லை, வெறும் மாவு என்று தெரிந்ததும் எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. சீனிக்கா இந்த ஆட்டம் என்று. அதைத்தான் அவர் என் முகத்தில் படித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கூடு, இனிப்பு, நாக்கில் வைத்தது, எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா ஒரு ஆளை எடுக்குறதோட முடிஞ்சிருக்கும். இப்ப உங்க கையால வாங்கின எல்லாரோட கணக்கையும் சந்தேகப்படணும், ஹெப்சிபா."

ஆய்விலிருந்து என்னை எடுத்துவிட்டார். திங்கள் முதல் மறுபடியும் வார்டு. மேலிடத்துக்கும் எழுத வேண்டுமாம். நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். உலகம்மையைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். "நீங்களும் கூட இருக்கணும்" என்றார்.

செல்வினிடமும் சொன்னேன். தன் தட்டையும் என் தட்டையும் எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு, "திங்கக்கிழமை நான் வேணா கூட வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

டாக்டர்தான் பேசினார். சென்னையில் கேட்டு உறுதி செய்தாயிற்று, உங்களுக்கு வந்தது வெத்து கேப்சூல், இனி ஆய்வு வேண்டாம், அசல் மருந்தையே இங்கே இலவசமாகத் தருகிறோம் என்றார். உலகம்மை சால்வையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எனக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன், அந்த ஒன்றையாவது செய்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப இது புத்துநோய் இல்லியா?"

டாக்டர் விழித்தார். எனக்கு முதலில் புரியவே இல்லை.

"சிஸ்டர் அன்னைக்கு வாயில வச்சுப் பாத்துட்டு மூஞ்சத் திருப்புனாகள்லா. அன்னையிலேருந்து என் கையத் தொடல, போன வாரம் தொட்டப்பவும் சட்டுன்னு எடுத்துட்டாக. ஜாக்கிரதையா இருங்கங்காக. நாங் கேட்டா பொதுவாங்காக. எனக்கு வேற என்னமோ பெரிய சீக்கு வந்துட்டு, டாக்டர்மாரு சொல்லக்கூடாதுன்னு வச்சிருக்காகன்னு நினைச்சேன். ஒரு மாசமா உறக்கமில்ல சார். நாகரோயில்லேருந்து மகளக் கூப்பிட்டு, அவுக அப்பாவுக்கு எந்த மாத்திர எப்பம் குடுக்கணும்னு சொல்லிக்குடுத்துட்டேன். அவருக்குச் சுகர், ஒண்ணும் தெரியாது. கடையில ஒரு பிள்ளையக் கூட்டி எந்த அடுக்குல எந்தக் கலருன்னு காட்டிட்டு வந்தேன்."

சொல்லச் சொல்ல அழத் தொடங்கினார். பிறகு சிரித்தார். மறுபடியும் அழுதார். "சீனிதானா? வெறும் சீனிதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஒரு பெண்ணை ஒரு மாதம் சாகப் போகிறவளாக வைத்திருந்திருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லாமல். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம், "புது மருந்த எப்பம் சாப்பிடணும்?" என்று கேட்டார். டாக்டர் டப்பாவை மேசையில் வைத்தார். உலகம்மை அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கையை நீட்டவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

வார்டு. ஆறாவது படுக்கைக்காரர் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். பழைய மாதிரி கத்தினேன். மாத்திரைகளை எல்லார் பக்கத்திலும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

நாளை மறுநாள் தீபாவளி. சாயங்காலம் டவுணுக்குப் போனேன். ரவிக்கைத் துணி வாங்கத்தான் போகிறேன் என்று செல்வினிடம் சொன்னேன். எங்களுக்கு என்ன தீபாவளி என்று அவர் கேட்கவில்லை.

கூட்டத்தில் இடித்துப் பிடித்து மாடிக்கு ஏறினேன். உலகம்மை இருந்தார். எல்லாரும் நிற்க, அவருக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அந்தத் தொளதொள ரவிக்கை. இடது பக்கம் முந்தானை படாமல் ஊக்கு குத்தி ஒதுக்கியிருந்தார். ஒரு பெண் சேலையை நீட்ட, ஒரு பார்வை பார்த்து, அடுக்கிலிருந்து ஒரு துணியை உருவினார். பொருந்திவிட்டது.

என்னைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"அஞ்சு. மருந்து ஒரே கசப்பு, தல சுத்துது. ஆனா சாவ மாட்டேன்லா. அதுவே பாதி வலி போன மாதிரி இருக்கு." கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "இது எனக்குக் கேக்குமா சிஸ்டர்?" என்றார்.

முன்பு எவ்வளவு சுலபமாகச் சொன்ன வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது.

"கொஞ்சப் பேருக்குக் கேக்கும், கொஞ்சப் பேருக்குக் கேக்காது. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா. தல சுத்துறத டாக்டர்ட்ட கண்டிப்பாச் சொல்லணும். நானும் வாரேன் கூட."

என் முகத்தை அவர் படித்தார். இந்தத் தடவை நான் அசையாமல் நின்றேன், படிக்கட்டும் என்று. படித்து முடித்துத் தலையை ஆட்டினார். அது மன்னிப்பு என்று நான் எழுத மாட்டேன்.

"சேல கொண்டு வந்தியளா?"

கொண்டு போகவில்லை. எந்தச் சேலைக்கு என்றுகூட யோசிக்காமல் வந்திருந்தேன். ஏதாவது ஒரு நிறம் கொடுங்கள் என்றேன். அவர் எதுவும் கேட்காமல் மேல் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, அளந்து, வெட்டி, மடித்தார். எதிரே பலகை இருந்தது. அதில் வைக்கவில்லை. கையை நீட்டினேன். உள்ளங்கையில் வைத்தார்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். கீழே இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம். இந்த நிறத்தில் என்னிடம் ஒரே ஒரு சேலைதான் உண்டு. பீரோவைத் திறந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு இழை வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அந்தச் சேலையை நான் கட்டிப்போனது ஒரே ஒரு நாள், செப்டம்பர் பதினாறாம் தேதி. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.